மேல் வரியா, கீழ் வரியா

வீடியோ எடிட்டிங்ங்கறது வேற ஒன்னும் இல்லைங்க, அடுத்தவங்க வீட்டுக் கல்யாணத்த பொண்ணு மாப்பிள்ளைய விட அம்பது தடவ அதிகமா பாத்துட்டு, பந்தியில மட்டும் ஒக்காராத வேல.

முதலியார்பேட்டையில ஒரு மருந்துக்கடை மாடியிலதான் நம்ம கடை. கீழ தலைவலி மாத்திர விக்கறாங்க, மேல நான் தலைவலி தயாரிக்கறேன். ரெண்டு பேருக்கும் நல்ல பொருத்தம். எட்டாவதோட பள்ளிக்கூடமும் நானும் ஒருத்தர ஒருத்தர் விட்டுட்டோம். அதனால இதுல பெரிய படிப்பெல்லாம் எதிர்பாக்காதீங்க. என்ன மாதிரியே முதுகு வளஞ்சி, கண்ணு செவந்து, தாலி கட்டற சீன ஸ்லோ மோஷன்ல போட்டுப் போட்டு வாழ்க்கையே ஸ்லோ மோஷன் ஆயிப்போன அண்ணன் தம்பிங்களுக்குத்தான் இத சொல்றேன்.

எல்லாமே என் மேச மேல இருக்கற ஒரு பழைய டப்பா டிவிய சுத்தி நடந்தது. முக்காவாசி சிரிச்சிட்டுப் போற சமாச்சாரம். ஒன்னு மட்டும் அப்படி இல்ல. கயல்னு ஒரு பொண்ணு, வீராம்பட்டினத்துப் பொண்ணு, ப்ளஸ் டூ படிக்குது, சிலம்பம் ஆடுது. அதுக்கு பாண்டிச்சேரி டீம்ல எடம் உண்டா இல்லையாங்கற கேள்வி, சுத்தி வந்து இந்த டப்பா டிவி முன்னாடிதான் நின்னுச்சி.

மேச மேல ஒரு பெருச்சாளி

மொதல்ல அந்தப் பெருச்சாளி டிவி ஏன் இருக்குன்னு சொல்லிடறேன். எல்லாரும் கேக்கறாங்க, பதில் சொல்லிச் சொல்லி வாயே தேஞ்சிபோச்சி. பழைய கேமரா ஒரு படத்த முழுசா எடுக்காது. பாதி பாதியா எடுக்கும். ரெண்டு சீப்ப ஒன்னுக்குள்ள ஒன்னு சொருவுனா எப்படி பல்லு மாத்தி பல்லு நிக்கும், அந்த மாதிரி. ஒரு சீப்பு மேல் வரி, இன்னொன்னு கீழ் வரி. மொதல்ல ஒன்ன எடுக்கும், செகண்டுல அம்பதுல ஒரு பங்கு நேரம் கழிச்சி இன்னொன்ன எடுக்கும். கம்ப்யூட்டர் ஸ்கிரீன் அவசரக்குடுக்க, ரெண்டு சீப்பையும் ஒரே நேரத்துல காட்டிடும். ஆடாம நின்னா தெரியாது. கை அசச்சா கையெல்லாம் கோடு கோடா சீப்புப் பல்லா நிக்கும். டப்பா டிவி மட்டும்தான் ஒழுங்கு மரியாதையா ஒன்னு காட்டிட்டு அப்புறம் இன்னொன்னு காட்டும்.

அதனால, வேல செய்யறது கம்ப்யூட்டர்ல, சரியான்னு பாக்கறது டிவியில. நடுவுல மஞ்ச செவப்பு வெள்ள ஒயரு. இத விளக்கிச் சொல்லி முடிக்கறதுக்குள்ள வந்தவங்க கொட்டாவி விட்டுட்டு அந்த டிவி மேலயே ஹேண்ட்பேக்க வச்சிடுவாங்க. ஒரு அம்மா அர்ச்சனத் தட்டையே வச்சிட்டுப் போனாங்க. நம்ம கேமராமேன் பாரூக் பாய் இருக்காரே, பதினஞ்சு வருஷமா என்கூட இருக்கற மனுஷன், வாய தொறந்தா ஊசிதான். அந்தத் தட்டையும் டிவியையும் என்னையும் ஒரு சுத்து பாத்துட்டு சொன்னாரு: "விடு மூர்த்தி, இந்தக் கடையில உருப்படியா ஒரு வேல பாக்கறது அது ஒன்னுதான், பூச பண்ணட்டும்."

மருமவ கையில முள்ளு

மதாம் ஜோசபின் பாரீஸ்லேர்ந்து வந்திருந்தாங்க. அவங்க வீட்டுக்காரரு அந்தக் காலத்து சொல்தா, பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவரு. பையனுக்கு இங்க மாதா கோயில்ல கல்யாண மந்திரிப்பு, ஹால்ல டான்ஸு, எல்லாம் பாரூக் பாய்தான் எடுத்தாரு. எடிட்டிங் பாக்கறேன்னு என் பக்கத்துல நாற்காலி போட்டு ஒக்காந்தாங்க. வாடிக்கக்காரங்க பக்கத்துல ஒக்காந்தா என்ன ஆவும்னு ஒங்களுக்கே தெரியும். பல்லு புடுங்கறவனுக்கு பக்கத்துல நின்னு இந்தப் பல்லு இல்ல அந்தப் பல்லுன்னு சொல்ற மாதிரி.

மருமவ டான்ஸ் ஆடிச்சி. கைய வீசுச்சி. கம்ப்யூட்டர்ல கையி பூரா சீப்புப் பல்லு. மதாம் கண்ணாடிய கழட்டித் தொடச்சி மாட்டிப் பாத்தாங்க. "மே நோன்! அய்யய்யோ, என்னா தம்பி இது, என் மருமவ கையில கத்தாழ முள்ளு மாதிரி?"ன்னாங்க. நான் பழைய பாட்ட ஆரம்பிச்சேன். ரெண்டு சீப்பு, மேல் வரி, கீழ் வரி. அவங்க மூஞ்சி போன போக்கப் பாத்துட்டு பேச்ச நிறுத்திட்டு டப்பா டிவிய போட்டுக் காட்டுனேன். கையி தண்ணி மாதிரி ஓடுச்சி. மதாமுக்கு ஒரே சந்தோஷம். ரெண்டு தடவ பாத்தாங்க. ரோதனை முடிஞ்சிதுன்னு நானும் எழுந்து நெட்டி முறிச்சேன். அப்பத்தான் மதாம் கேட்டாங்க: "எங்க வீட்ல இந்த மாதிரி டிவி இல்லையே தம்பி, அப்ப இதையும் சேத்து பார்சல் பண்ணிடு, என் மருமவ இதுலதான் நல்லா இருக்கா."

பெரியப்பா நடந்த நட

இப்ப ரெண்டாவது வில்லங்கம். ரெண்டு சீப்புல எது மொதல்லன்னு கம்ப்யூட்டருக்கு நாமதான் சொல்லணும். டேப்பு கேமராவுல கீழ் வரி மொதல்ல. கார்டு போடற கேமராவுல மேல் வரி மொதல்ல. பாய்கிட்ட ரெண்டும் இருக்கு. மாத்திச் சொல்லிட்டா முன்னாடி நடந்தது பின்னாடி வரும், பின்னாடி நடந்தது முன்னாடி வரும். ஆளு ரெண்டடி முன்ன வெச்சி ஒரு அடி பின்ன வெச்சி உதறிக்கிட்டே நடப்பாரு. கம்ப்யூட்டர்ல பாத்தா இது லேசுல தெரியாது, அங்க எப்படியும் ரெண்டும் ஒன்னா கலந்து நிக்குது. டிவியில போட்டாத்தான் மானம் போவும்.

இங்கியே பக்கத்துத் தெருவுல ஒரு நிச்சயதார்த்தம். பொண்ணோட பெரியப்பா தாம்பாளத் தட்டத் தூக்கிட்டு வர்றாரு. வீட்டுக்காரர ஒக்கார வச்சி டிவியில போட்டேன். பெரியப்பா உதறிக்கிட்டே வர்றாரு. தட்டுல இருக்கற ஆப்பிளு முன்னயும் பின்னயும் துள்ளுது. "சார், மன்னிச்சிடுங்க, என் தப்பு, வரி மாறிப்போச்சி, அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடறேன்"ன்னு மவுச புடிச்சேன். அவரு என் கைய புடிச்சி நிறுத்துனாரு. டிவியவே பாத்துக்கிட்டு பொறுமையா சொன்னாரு: "ஒன்னும் மாத்தாத தம்பி, எங்க பெரியப்பா அன்னிக்கு அப்படித்தான் நடந்தாரு."

ரெண்டு பேரு மேலயும் பொடி

இப்ப கயல் கதைக்கு வர்றேன். ஒரு ஞாயித்துக்கெழம சிலம்பப் போட்டி, பள்ளிக்கூட மைதானத்துல. லோக்கல் கேபிள் சேனலுக்கு அரமணி நேர நிகழ்ச்சி பண்ணித் தர்றதா ஒத்துக்கிட்டு இருந்தோம். அன்னிக்கு கார்டு கேமராவ பாயோட மச்சான் ஒரு நிக்காவுக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு. பாய் டேப்பு கேமராவ தூக்கிட்டு மைதானத்துக்குப் போனாரு.

பொண்ணுங்க பைனல்ல ஒரு பக்கம் கயல். இன்னொரு பக்கம் வில்லியனூர் பொண்ணு சங்கவி. கம்பு முனையில கலர் பொடி தொட்டுக்கிட்டு ஆடுவாங்க, யாரு மேல பொடி பட்டுச்சோ அவங்க அடி வாங்குனதா கணக்கு. கடைசிப் பாயிண்டுல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பாஞ்சாங்க. பாத்தா கயல் தோள்பட்டையில பொடி, சங்கவி முட்டியில பொடி. யாரு மொதல்ல தொட்டாங்க? நடுவரு ஒருத்தரு இந்தப் பக்கம், இன்னொருத்தரு அந்தப் பக்கம். ஜெயிக்கறவங்கதான் பாண்டிச்சேரி டீம்ல போவாங்க. டீம்ல போனா சர்ட்டிபிகேட், சர்ட்டிபிகேட் இருந்தா காலேஜ்ல ஸ்போர்ட்ஸ் கோட்டா. கயலுக்கு அப்பா இல்ல. அம்மா சரோஜாக்கா தேங்காய்த்திட்டு துறைமுகத்துல மீனு ஏலம் எடுத்து கூடையில வச்சி தெருத்தெருவா விக்கறவங்க. அந்தப் பொண்ணுக்கு காலேஜுக்கு இருந்த வழி இது ஒன்னுதான்னு மைதானத்துல எல்லாருக்கும் தெரியும்.

சண்ட பெருசாச்சி. சிலம்ப சங்கத்து செக்ரட்டரி, கண்ணாடி போட்ட பெரிய மனுஷன், ரெண்டு பக்கமும் திட்டு வாங்கி சலிச்சிபோயி கடைசியில கேமராவப் பாத்தாரு. பாய் கண்ண கேமராவுலேர்ந்து எடுக்கவே இல்ல. செக்ரட்டரி கைய நீட்டி சொன்னாரு: "இந்த பாயி எந்தப் பக்கத்து ஆளும் இல்ல, இவரு டப்பாவுல என்னா இருக்கோ அதான் தீர்ப்பு."

கரண்ட்டு இல்லாத செவ்வாக்கெழம

செவ்வாக்கெழம செக்ரட்டரி வந்தாரு. கூடவே சரோஜாக்கா, கயல். வில்லியனூர்லேர்ந்து யாரும் வரல. "செக்ரட்டரி பாத்தா போதும், நாங்க நம்பறோம்"னு சங்கவியோட அப்பா போன்லயே சொல்லிட்டாராம்.

அவங்க படி ஏறி வரவும் கரண்ட்டு போவவும் சரியா இருந்துச்சி. யுபிஎஸ்ஸு கம்ப்யூட்டர கால்மணி நேரம் தாங்கும். டப்பா டிவிய சேத்து மாட்டுனா உயிர விட்டுடும். சரி, அடி படற எடத்த போட்டோவா குடுத்தா போதும், டிவி எதுக்குன்னு விட்டுட்டேன். கம்ப்யூட்டர்ல ஒரு நிக்கா வீடியோ தொறந்து கெடந்துச்சி, கார்டு கேமராவுல எடுத்தது. டேப்புலேர்ந்து ஏத்தி வச்சிருந்த சிலம்பத்தையும் அதுக்குள்ளயே இழுத்துப் போட்டேன். யுபிஎஸ்ஸு கீ கீன்னு கத்துது. செக்ரட்டரி வாட்ச்சப் பாக்கறாரு. அந்த ஒரு படத்த கண்டுபுடிச்சேன். ஒரே படத்துக்குள்ள ரெண்டு அடியும் சீப்புப் பல்லு மாதிரி கலந்து நிக்குது. ரெண்டு பாதியா பிரிச்சேன். ஒன்னுல கயல் கம்பு சங்கவி முட்டியில பட்டு நிக்குது, சங்கவி கம்பு இன்னும் காத்துல. இன்னொன்னுல சங்கவி கம்பு கயல் தோள்ல. கம்ப்யூட்டர் கேட்டுச்சோ இல்லையோ, நிக்காவுக்கு வச்சிருந்த கணக்குலயே ஒன்னு, ரெண்டுன்னு நம்பர் போட்டுக் குடுத்துச்சி. கயல் ஒன்னு. சங்கவி ரெண்டு.

சரோஜாக்கா ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் கும்புட்டாங்க. செக்ரட்டரி போட்டோவ பென் டிரைவ்ல வாங்கிக்கிட்டு, கயல்தான்னு அங்கியே அறிவிச்சிட்டாரு. அந்தப் பொண்ணு மட்டும் சிரிக்கல. ஸ்கிரீன பாத்துச்சி, தோள்பட்டைய ஒரு தடவ தடவிக்கிச்சி, கீழ போயிடுச்சி. வெக்கம் போலன்னு நான் நெனச்சேன். மறுநாள் காலையில ஒரு முழு வஞ்சிரம் வீட்டுக்கு வந்துச்சி. வேணாம்னு சொல்ல வாயத் தொறந்தேன். சரோஜாக்கா கூடைய எறக்கி வச்சி எங்க வீட்டம்மாகிட்ட சொன்னாங்க: "ஒங்க வூட்டுக்காரரு நேத்து என் பொண்ண காலேஜுல சேத்துவுட்டாரு, நீ கொழம்பு வையி தாயி."

டிவி போட்ட வியாழக்கெழம

கொழம்பு நல்லாத்தான் இருந்துச்சி. அடுத்த வாரம் வியாழக்கெழம சேனலுக்கு நிகழ்ச்சி குடுக்கணும். சேனலுக்கு போறது இன்னமும் பாதி பாதி வரியாத்தான் போவணும். அதனால டப்பா டிவிய போடாம குடுக்க முடியாது. போட்டேன். பொண்ணுங்க கம்பு சுத்தறாங்க. கம்பு உதறுது. முன்ன போவுது, பின்ன வருது, முன்ன போவுது. பெரியப்பா தட்டத் தூக்கிட்டு வந்த அதே உதறல்.

வரி மாறியிருக்குன்னு அர நொடியில தெரிஞ்சிபோச்சி, டேப்பு படம் நிக்காவோட மேல் வரி கணக்குலயே நிக்குது. கீழ் வரி மொதல்லன்னு மாத்துனேன். கம்பு சும்மா சக்கரம் மாதிரி வழுவழுன்னு சுத்துச்சி. அப்பத்தான் எனக்கு அந்த ரெண்டு போட்டோ நெனப்பு வருது. வரி மாறுனா நம்பரும் மாறும். ரெண்டுதான் ஒன்னு. ஒன்னுதான் ரெண்டு. அந்த எடத்த டிவியில மெதுவா ஓட்டுனேன். சங்கவி கம்பு தோள்ல. அப்புறம்தான் கயல் கம்பு முட்டியில; சங்கவி கம்பு காத்துல நின்னது பட்டுட்டு எழும்பறப்ப. இன்னொரு தடவ ஓட்டுனேன். பத்து தடவ ஓட்டுனேன். பத்து தடவையும் சங்கவிதான்.

பாய்க்கு போன் போட்டேன், வந்தாரு. ஓட்டிக் காட்டுனேன். அவரு மேசையில இருந்த கேசட் டப்பாவப் பாத்தாரு. அதுக்கு மேல இருந்த டீ கிளாஸ எடுத்து ஓரமா வச்சாரு. டப்பா மேல அவரு கையெழுத்துல ஒரு ஸ்டிக்கரு, நடுவுல வட்டமா டீக்கற. பாய் சொன்னாரு: "கீழ் வரி மொதல்லன்னு பெருசா எழுதி ஒட்டிக் குடுத்தேன்ல, அது மேலதான்டா ஒம்போது நாளா கிளாஸ் வச்சிக்கிட்டிருக்கற."

பெரிய மனுஷன் பதில்

அன்னிக்கி சாயங்காலமே செக்ரட்டரி வீட்டுக்குப் போனேன். ஊஞ்சல்ல ஒக்காந்து பேப்பர் படிச்சிக்கிட்டு இருந்தாரு. டீம் லிஸ்ட்டு சனிக்கெழம போவுது, நடுவுல ஒரு நாளுதான் இருக்கு. சொன்னேன். ரெண்டு சீப்பு, மேல் வரி, கீழ் வரி, கரண்ட்டு, யுபிஎஸ்ஸு, டீ கிளாஸு, எல்லாத்தையும் சொன்னேன். இத்தன வருஷத்துல என் வாயிலேர்ந்து இந்தக் கதைய கடைசி வரைக்கும் கொட்டாவி விடாம கேட்ட ஒரே ஆளு அவருதான். கேட்டதும் நல்லதுக்கு இல்ல.

"ஊரக் கூட்டி அறிவிச்சாச்சி. அந்தப் பொண்ணுக்கு மால போட்டாச்சி. வில்லியனூர்காரங்களும் ஒத்துக்கிட்டாங்க. இப்ப யாருய்யா கேட்டா ஒன்ன?"ன்னாரு. யாரும் கேக்கல சார், ஆனா தப்புன்னேன். "தப்புன்னா நீயே அந்த மீன்காரம்மாகிட்ட போயி சொல்லு. அவங்க ஒத்துக்கிட்டா நான் பேர மாத்தறேன். என்னால அந்த அம்மா வாயில விழ முடியாது"ன்னாரு. எழுந்து உள்ள போவறப்ப திரும்பி நின்னு கண்ணாடிய எறக்கி ஒரு கேள்வி கேட்டாரு. கேட்டது இதான்: "ஒன் கம்ப்யூட்டரு ஒன்னு சொல்லுது, ஒன் டிவி ஒன்னு சொல்லுது, ரெண்டையும் பாத்தவன் நீ, ஒன் கண்ணு என்னய்யா சொல்லுச்சி?"

சரோஜாக்கா வாயி

வெள்ளிக்கெழம காலையில சரோஜாக்காவ கூப்புட்டேன். ஏலம் முடிச்சி கூடையோடவே வந்துட்டாங்க. கயல் பள்ளிக்கூட யூனிபார்ம்ல, முதுகுல பையோட. பாய் ஒரு ஓரமா நின்னாரு. வெள்ளிக்கெழம தொழுகைக்கு சட்ட தேய்க்கணும்னு எந்த வாரமும் பத்து மணிக்கே கெளம்பற மனுஷன், அன்னிக்கு போவல.

நான் சுத்தி வளைக்கல. "அக்கா, நான் தப்பு பண்ணிட்டேன். போட்டோவ மாத்தி நம்பர் போட்டுட்டேன். மொதல்ல தொட்டது சங்கவி"ன்னு சொல்லிட்டு டிவிய போட்டேன். அக்கா டிவிய பாக்கல, என்னத்தான் பாத்தாங்க. அப்புறம் ஆரம்பிச்சாங்க பாருங்க. என் கடை, என் கம்ப்யூட்டரு, என் கண்ணு, எங்க அப்பா, ஒன்னையும் விடல. கீழ மருந்துக்கடையில மாத்திர வாங்க நின்னவங்க மாத்திரைய மறந்துட்டு மேல பாத்தாங்க. "வில்லியனூர்காரன் எவ்ளோ குடுத்தான்?"னு கேட்டாங்க. குடுக்கலக்கான்னேன். "குடுத்திருந்தாக்கூட பரவால்லடா, காசுக்கு பண்ணான்னு மனச தேத்திக்குவேன். சும்மா பண்ணியிருக்கியே"ன்னாங்க.

வஞ்சிரத்த பத்தி ஒரு வார்த்த பேசல அந்த மனுஷி. அதுதான் எனக்கு இன்னும் கேவலமா இருந்துச்சி. கடைசியா கூடைய காலால நவுத்திட்டு அது பக்கத்துல தரையிலயே ஒக்காந்தாங்க. ஒக்காந்துட்டு கேட்டாங்க: "ஏன்டா தம்பி, கரண்ட்டு இல்லாதப்ப ஜெயிச்ச என் பொண்ணு, கரண்ட்டு வந்ததும் தோத்துட்டாளாடா?"

கயல் சொன்னது

டீமுக்குப் போனது சங்கவிதான். அத மொதல்லயே சொல்லிடறேன், கடைசி வரைக்கும் ஒங்கள தவிக்க விட எனக்கும் தெம்பு இல்ல. கயலுக்கு ரிசர்வுல ஒரு எடம் போட்டாங்க. யாராவது கால ஒடச்சிக்கிட்டாத்தான் ரிசர்வுக்கு வேல, யாரும் ஒடச்சிக்கல. ரிசர்வு சர்ட்டிபிகேட்டுக்கு கோட்டா கெடையாது. சரோஜாக்கா இப்பவும் எங்க தெருவுல மீனு கொண்டாறாங்க. எங்க வாசல்ல மட்டும் சத்தம் போடாம தாண்டிப் போறாங்க.

அன்னிக்கி அம்மா தரையில ஒக்காந்திருக்கறப்ப, அந்தப் பொண்ணு பைய கழட்டி வச்சிட்டு டிவிகிட்ட வந்துச்சி. "இன்னொரு தடவ போடுங்கணா"ன்னுச்சி. போட்டேன். "மெதுவா." மெதுவா போட்டேன். சங்கவி கம்பு தோள்ல. கயல் கம்பு முட்டியில. "இங்க நிறுத்துங்கணா"ன்னுச்சி. டப்பா டிவியில நிறுத்துனா படம் நிக்காது, ரெண்டு பாதியும் மாறி மாறி துடிக்கும். தோளு, முட்டி, தோளு, முட்டின்னு துடிச்சிக்கிட்டே இருந்துச்சி. அது அத பாத்துக்கிட்டே நின்னுச்சி. அப்புறம் என் போன வாங்கி செக்ரட்டரிக்கு அதுவே பேசுச்சி. "சார், கயல் பேசறேன். சங்கவி பேர எழுதிடுங்க. நான் பாத்துட்டேன்." அவ்ளோதான். போன குடுத்துட்டு அம்மாவ கையப் புடிச்சி தூக்குச்சி. கூடைய அதுவே எடுத்து இடுப்புல வச்சிக்கிச்சி, யூனிபார்ம்ல மீன் தண்ணி வழியறதக்கூட பாக்கல.

படியில எறங்கப் போறப்ப நான், "கயலு, அண்ணன மன்னிச்சிடும்மா"ன்னேன். பாய் மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. அந்தப் பொண்ணு ஒரு படி எறங்கி நின்னுச்சி. என் மேல கோவமே இல்ல அது மூஞ்சியில, என்ன மாதிரியே களச்சிப்போயிதான் இருந்துச்சி, அந்த வயசுல. அப்ப சொன்னது இது: "எனக்கு அன்னிக்கே தெரியும்ணா. மொதல்ல தோளு வலிச்சிது, அப்புறம்தான் என் கம்பு கையில அதிருச்சி. நீங்க போட்டோ காட்டுனீங்களா, மிஷினே சொல்லுதே, நம்ம ஒடம்புதான் தப்பா சொல்லுது போலன்னு விட்டுட்டேன்."

ஆக, செகண்டுல அம்பதுல ஒரு பங்கு நேரத்துல நடந்தத சரியா பாக்கறதுக்கு எனக்கு ஒரு கம்ப்யூட்டரு, ஒரு டிவி, மூனு கலர் ஒயரு, ஒம்போது நாளு தேவப்பட்டுச்சி, அந்தப் பொண்ணுக்கு ஒரு தோள்பட்ட போதுமா இருந்துச்சி.